கறுப்பு நட்சத்திரங்களின் கால்பந்துக் கதை

'கானா' என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது குட்டீஸ்? சென்னையில் மேளம் தட்டிப் பாடும் கானா பாட்டுதானே! நாம் இப்போது பார்க்கப்போவது அந்தக் கானாவை அல்ல. ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில் இருக்கிற கானா நாட்டை!

நீங்கள் ஆசை ஆசையாகச் சாப்பிடும் சாக்லெட்டுக்குக் கோகோ வேண்டும் அல்லவா? அந்தக் கோகோவை உலகத்திலேயே மிக அதிகமாக விளைவிக்கும் நாடுகளில் கானாவும் ஒன்று. ஆனால், அந்த ஊர்ச் சிறுவர்களிடம், 'உங்கள் நாட்டில் எது பெரிது? கோகோவா, கால்பந்தா?' என்று கேட்டால், யோசிக்காமல் 'கால்பந்து!' என்பார்கள்.

தெருவின் இரண்டு பக்கமும் சாக்கடை ஓடும். இந்தப் பக்கச் சாக்கடைக்கும் அந்தப் பக்கச் சாக்கடைக்கும் நடுவில்தான் ஆட்டம். இரண்டு கல்லை வைத்தால் கோல் கம்பம் தயார். நம் ஊரில் தெரு கிரிக்கெட்டுக்குச் சுவரில் கரியால் ஸ்டம்ப் வரைகிறோமே, அதைப் போலத்தான். இப்படித் தெருவில் பந்து உதைத்த பிள்ளைகள்தான் பின்னாளில் உலகக் கோப்பை வரை போனார்கள். அது எப்படி நடந்தது? வாருங்கள், 120 வருடங்களுக்கு முன்னால் போய்ப் பார்ப்போம்.

நிலா வெளிச்சத்தில் பயிற்சி!

அப்போது அந்த நாட்டின் பெயர் கானா இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் அதை ஆண்டு வந்தார்கள். அங்கே தங்கம் ஏராளமாகக் கிடைத்ததால் 'கோல்டு கோஸ்ட்', அதாவது 'தங்கக் கடற்கரை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கேப் கோஸ்ட் என்பது அங்கே ஒரு கடலோர நகரம். கப்பலில் வந்து இறங்கும் ஐரோப்பிய மாலுமிகள் ஓய்வு நேரத்தில் பந்து விளையாடுவார்கள். உள்ளூர்ச் சிறுவர்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள். 'நாமும் ஆடினால் என்ன?' என்று ஆசை வந்தது.

அந்த ஆசையை நிறைவேற்றியவர் ஒரு தலைமை ஆசிரியர்! அரசு ஆண்கள் பள்ளியில் வேலை பார்த்த பிரிட்டன் என்பவர் அவர். பெயர்தான் பிரிட்டனே தவிர, அவர் பிறந்தது ஜமைக்காத் தீவில். தன் மாணவர்களில் 22 பேரைத் தேர்ந்தெடுத்தார். பதினொன்றும் பதினொன்றும் இருபத்திரண்டு. இரண்டு அணிகள் ஆயிற்றே! நிலா வெளிச்சத்தில், ஊருக்குத் தெரியாமல் அவர்கள் பயிற்சி எடுத்ததாகச் சொல்வார்கள்.

1903 டிசம்பர் 26ஆம் தேதி. கிறிஸ்துமசுக்கு மறுநாள். கேப் கோஸ்டில் உள்ள விக்டோரியா பூங்காவில் ஊர் மக்கள் முன்னால் அந்த மாணவர்கள் ஆடிக் காட்டினார்கள். அவர்களுடைய குழுவுக்கு 'எக்செல்சியர்' என்று பெயர். கானாவின் முதல் கால்பந்துக் குழு அதுதான். அதாவது, கானாவின் கால்பந்து பிறந்தது ஒரு பள்ளிக்கூடத்தில்!

முள்ளம்பன்றியும் வானவில்லும்

அதன்பிறகு ஊர் ஊராகக் கால்பந்து கிளப்புகள் முளைத்தன. 1911ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி, அக்ரா நகரில் 'ஹார்ட்ஸ் ஆஃப் ஓக்' கிளப் தொடங்கியது. நூறு வயதைத் தாண்டியும் அது இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வானவில் போல அதன் சட்டை.

குமாசி நகரம் அசாந்தி மன்னர்களின் தலைநகரம். அங்கே 1935இல் 'அசாந்தே கொடோகோ' கிளப் உருவானது. கொடோகோ என்றால் முள்ளம்பன்றி! அசாந்தி மக்களின் வீரச் சின்னம் அது. 'ஆயிரம் பேரைக் கொன்றாலும் இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள்' என்கிற பொருளில் அவர்களிடம் ஒரு முழக்கம் உண்டு. எதிரணிக்குப் பயம் வருமா, வராதா?

ஹார்ட்சும் கொடோகோவும் மோதினால் நாடே இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று உட்கார்ந்திருப்பார்கள். ஆப்பிரிக்காவின் சிறந்த கிளப்புக்கான கோப்பையை கொடோகோ 1970, 1983 ஆகிய ஆண்டுகளிலும், ஹார்ட்ஸ் 2000ஆம் ஆண்டிலும் வென்றிருக்கின்றன.

பூட்ஸ் இல்லாத பயணம்

1951இல் கோல்டு கோஸ்ட் அணி பிரிட்டனுக்கு விளையாடப் போனது. வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள்! ஊரில் அப்படித்தான் ஆடிப் பழக்கம். காய்ந்த செம்மண் தரையில் வெறுங்கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால், இங்கிலாந்தில் மழையும் குளிரும். ஈரப்புல்லில் கால் வழுக்கியது. எதிரணியினரோ கெட்டியான பூட்ஸ் அணிந்திருந்தார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் தோல்விதான்.

இதைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் இந்திய அணி வீரர்களிலும் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள்.

அந்தக் கோல்டு கோஸ்ட் அணியில் சார்லஸ் குமி ஜியாம்ஃபி என்ற 21 வயது இளைஞர் இருந்தார். தோற்றதற்காக அழுதுகொண்டிருக்காமல், கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்று புரிந்துகொண்டார். 1960இல் ஜெர்மனியின் 'ஃபார்ச்சுனா டுஸ்ஸல்டார்ஃப்' கிளப்பில் சேர்ந்தார். ஜெர்மனியில் கிளப் கால்பந்து ஆடிய முதல் ஆப்பிரிக்கர் அவர்தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வருவார்!

கொடியில் ஒரு கறுப்பு நட்சத்திரம்

1957 மார்ச் 6. கோல்டு கோஸ்ட் விடுதலை பெற்றது. 'கானா' என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் ஆட்சியிலிருந்து முதலில் விடுபட்ட நாடு அதுதான். குவாமே நிக்ருமா அதன் தலைவர்.

புது நாட்டுக்குப் புதுக் கொடி வேண்டுமே? சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகள். நடுவில் ஒரு கறுப்பு நட்சத்திரம். இதை வரைந்தவர் தியோடோசியா ஓகோ என்ற பெண்மணி. அவர் ஓர் ஆசிரியை, ஓவியர். பிற்காலத்தில் கானா ஹாக்கிச் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் ஆனார். கறுப்பு நட்சத்திரம் ஆப்பிரிக்க மக்களின் விடுதலைக்கு அடையாளம். கால்பந்து அணிக்கும் அதுவே பெயரானது: 'பிளாக் ஸ்டார்ஸ்' - கறுப்பு நட்சத்திரங்கள்!

விடுதலை பெற்ற சில வாரங்களில் ஒரு பெரிய விருந்தாளி வந்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீரர் ஸ்டான்லி மேத்யூஸ். 1956ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். அவர் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் சட்டையைப் போட்டுக்கொண்டு கானா மண்ணில் ஆடினார். மைதானங்கள் நிரம்பி வழிந்தன.

நிக்ருமாவுக்குக் கால்பந்து வெறும் விளையாட்டாகத் தெரியவில்லை. பல மொழி பேசும் மக்களை ஒரே நாடாகச் சேர்க்கும் கயிறாகத் தெரிந்தது. 'ஆப்பிரிக்கர்களால் எதுவும் முடியும்' என்று உலகத்துக்குக் காட்டவும் கால்பந்து உதவும் என்று நினைத்தார். ஓஹேனே ஜான் என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1958இல் கானா உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவில் உறுப்பினரானது.

1961இல் 'ரியல் ரிபப்ளிகன்ஸ்' என்று ஒரு புது கிளப் தொடங்கினார்கள். ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் சிறந்த வீரர்களை எடுத்து அதில் சேர்த்துவிட்டார்கள். தேசிய அணி வலுவாக வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால், தங்கள் நட்சத்திரங்களைப் பறிகொடுத்த கிளப்புகளுக்குக் கோபம் வந்தது. உங்கள் தெரு அணியின் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களைத் தலைமை ஆசிரியர் வேறு அணிக்கு மாற்றிவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்! 1966இல் நிக்ருமாவின் ஆட்சி கவிழ்ந்ததும் அந்த கிளப்பும் கலைக்கப்பட்டது.

ஆனாலும், தேசிய அணி நிஜமாகவே வலுவானது. 1962இல் ஐரோப்பாவையே கலக்கிக்கொண்டிருந்த ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணி அக்ராவுக்கு வந்தது. கறுப்பு நட்சத்திரங்கள் அவர்களோடு 3-3 என்று சமன் செய்தார்கள்!

பாபா யாரா என்ற துயரம்

அந்தக் காலத்துச் சிறுவர்கள் கொண்டாடிய வீரர் ஒருவர் உண்டு. பெயர் பாபா யாரா. மைதானத்தின் ஓரத்தில் பந்தோடு அவர் ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆள் கிடையாது. 1963இல், அணியினர் ஒரு போட்டி முடிந்து திரும்பி வந்தபோது பேருந்து விபத்துக்குள்ளானது. பாபா யாராவின் முதுகெலும்பில் அடி. அதன்பிறகு அவரால் நடக்கவே முடியவில்லை. 1969இல் இறந்துபோனார். குமாசி நகரின் பெரிய மைதானத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

அவர் படுக்கையில் இருந்த அதே 1963ஆம் ஆண்டின் இறுதியில், ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி கானாவில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் சூடானை 3-0 என்று வென்று கானா கோப்பையைத் தூக்கியது. பயிற்சியாளர் யார் தெரியுமா? நம் ஜியாம்ஃபி! அடுத்து 1965இல் டுனிசியாவில் போட்டி. அந்த நாட்டு அணியையே 3-2 என்று தோற்கடித்து மறுபடியும் சாம்பியன்!

'வரமாட்டோம்!' என்ற 15 நாடுகள்

இப்போது நம் கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

1966 உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடக்க இருந்தது. மொத்தம் 16 அணிகள் ஆடலாம். அந்த 16 இடங்களை ஃபிஃபா எப்படிப் பங்கு போட்டது தெரியுமா?

ஐரோப்பாவுக்கு 10.
தென் அமெரிக்காவுக்கு 4.
வட, மத்திய அமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் சேர்த்து 1.
மீதி ஒன்று. அது ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா என்று மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து!

ஒரு வகுப்பில் 16 மிட்டாய் கொடுக்கிறார்கள். முதல் பெஞ்சுக்குப் பத்து. கடைசி மூன்று பெஞ்சுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. இது நியாயமா? ஆப்பிரிக்கா முழுவதையும் வென்ற அணிகூட, அதன்பிறகு ஆசியா, ஓசியானியா பக்கத்திலிருந்து வரும் அணியோடு மோதி ஜெயித்தால்தான் உலகக் கோப்பைக்குப் போக முடியும்.

'எங்கள் கண்டத்துக்கு ஓர் இடமாவது உறுதியாக வேண்டும்' என்று ஆப்பிரிக்க நாடுகள் கேட்டன. ஃபிஃபா மறுத்தது. இன்னொரு மனக்குறையும் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அப்போது நிறவெறி ஆட்சி. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே அணியில் ஆடக் கூடாது என்று வைத்திருந்தார்கள். அந்த நாட்டை 1963இல் ஃபிஃபா மறுபடியும் சேர்த்துக்கொண்டதும் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பிடிக்கவில்லை.

நிக்ருமாவும் ஓஹேனே ஜானும் முன்னால் நின்றார்கள். மற்ற நாடுகளும் கைகோத்தன. ஆப்பிரிக்காவிலிருந்து போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த 15 நாடுகளும், 'நாங்கள் வரமாட்டோம்!' என்று விலகிவிட்டன. ஃபிஃபா அபராதம் போட்டது. அவர்கள் அசையவில்லை. ஓர் ஆப்பிரிக்க அணிகூட இல்லாமல் 1966 உலகக் கோப்பை நடந்து முடிந்தது.

இதில் யாருக்கு அதிக நஷ்டம்? யோசித்துப் பாருங்கள். அப்போது ஆப்பிரிக்காவின் சாம்பியன் கானா. இரண்டு முறை தொடர்ந்து கோப்பை வென்ற அணி. உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு யாருக்காவது இருந்திருந்தால் அது அவர்களுக்குத்தான் அதிகம். விளையாட்டு வீரருக்கு வயது காத்திருக்காது. அந்த அணியினர் கடைசிவரை உலகக் கோப்பையில் ஆடவே இல்லை.

ஆனால், போராட்டம் வென்றது. 1968இல் ஃபிஃபா இறங்கி வந்தது. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஓர் இடம் உறுதி என்று அறிவித்தது. ஆசியாவுக்கும் ஓசியானியாவுக்கும் சேர்த்து ஓர் இடம் கிடைத்தது. 1970இல் அந்த இடத்தில் போய் ஆடியது மொராக்கோ. கானா இல்லை! மரம் நட்டவர் ஒருவர், பழம் சாப்பிட்டவர் ஒருவர். ஆனாலும் அது எல்லாருக்குமான மரம்தானே!

சின்னப் பையன்கள், பெரிய கோப்பை

கானா 1978இல் மூன்றாவது முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. மூன்று முறை வென்றதால் அந்தக் கோப்பையே அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது. 1982இல் ஜியாம்ஃபி மறுபடியும் பயிற்சியாளராக வந்து நான்காவது வெற்றியையும் வாங்கித் தந்தார். அந்த அணியில் 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன்தான் பின்னாளில் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரராக 1991, 1992, 1993 என்று மூன்று முறை தொடர்ந்து தேர்வான அபேடி பெலே.

கானாவில் 'கோல்ட்ஸ்' என்று சொல்லப்படும் சிறுவர் கிளப்புகள் நிறைய உண்டு. தெருவில் ஆடும் பிள்ளைகளைப் பிடித்துப் போட்டு, வயது வாரியாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். அந்த உழைப்பு 1991இல் பலன் தந்தது. இத்தாலியில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் ஸ்பெயினை 1-0 என்று வென்று கானா சாம்பியன்! 1995இல் பிரேசிலை 3-2 என்று வென்று மறுபடியும் சாம்பியன். இடையில் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம். ஒலிம்பிக் கால்பந்தில் ஆப்பிரிக்கா வாங்கிய முதல் பதக்கம் அது. 2009இல் 20 வயதுக்கு உட்பட்டோர் இறுதி ஆட்டம். முதல் பாதியிலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மீதி பத்துப் பேர் பிரேசிலைத் தடுத்து நிறுத்தி, பெனால்டியில் வென்றார்கள்! அந்தக் கோப்பையை வென்ற முதல் ஆப்பிரிக்க நாடு கானாதான்.

கையெழுத்துக்கு முன்னால் படிக்க வேண்டும்!

1991 போட்டியின் சிறந்த வீரர் நீ லாம்ப்டே. 'எனக்கு அடுத்து இவன்தான்' என்று பிரேசிலின் பெலேவே பாராட்டிய பையன். 16 வயதிலேயே பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் கிளப்பில் ஆடத் தொடங்கிவிட்டார். எல்லாரும் அவர் உலகையே ஆள்வார் என்று நினைத்தார்கள்.

நடந்தது வேறு. லாம்ப்டேவுக்குப் பள்ளிப்படிப்பு சரியாகக் கிடைக்கவில்லை. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமலே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நெதர்லாந்து, இங்கிலாந்து, இத்தாலி, அர்ஜென்டினா, துருக்கி, சீனா என்று நாடு நாடாக அலைந்தார். நினைத்த உயரத்தை எட்டவே முடியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு லாம்ப்டே என்ன செய்தார் தெரியுமா? அக்ராவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்! தனக்குக் கிடைக்காத படிப்பு மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

பந்தும் புத்தகமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதை இப்போது பலரும் உணர்ந்துவிட்டார்கள். 1999இல் தொடங்கிய 'ரைட் டு ட்ரீம்' பயிற்சிப் பள்ளியில் பிள்ளைகள் தங்கிப் படித்துக்கொண்டே ஆடுகிறார்கள். 'கனவு காணும் உரிமை' என்பது அந்தப் பெயரின் பொருள். 2013இல் பெண் குழந்தைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அக்ராவில் நெருக்கமான நீமா பகுதியில் பிறந்த முகமது குடுஸ் இந்தப் பள்ளி மாணவர்தான். 2022 உலகக் கோப்பையில் தென் கொரியாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு, 3-2 என்று வெல்ல வைத்தவர்.

மறக்கக் கூடாத நாள்

கால்பந்து கானாவுக்குக் கண்ணீரையும் கொடுத்திருக்கிறது. 2001 மே 9. அக்ரா மைதானத்தில் ஹார்ட்சும் கொடோகோவும் மோதின. ஹார்ட்ஸ் 2-1 என்று முந்தியது. கோபம் கொண்ட சில ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்து வீசினார்கள். போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினார்கள். மூச்சுத் திணறிய கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. வாசல் கதவுகள் பூட்டிக் கிடந்தன. நெரிசலில் 127 பேர் உயிரிழந்தார்கள்.

மைதானத்துக்கு வெளியே அவர்கள் நினைவாக ஒரு சிலை நிற்கிறது. அடிபட்ட ஒருவரை மற்றவர் சுமந்து செல்வது போன்ற சிலை. ஒவ்வோர் ஆண்டும் மே 9 அன்று கானா மக்கள் அவர்களை நினைத்துக்கொள்கிறார்கள். ஹார்ட்ஸ் ரசிகர், கொடோகோ ரசிகர் என்ற வேறுபாடு அன்றைக்குக் கிடையாது.

ஒரு கை, ஒரு கம்பம்

கானா முதன்முதலில் உலகக் கோப்பையில் ஆடியது 2006இல். ஃபிஃபா ஆப்பிரிக்காவுக்கு இடம் கொடுத்து 38 வருடம் கழித்து! செக் குடியரசை எதிர்த்து ஆடிய ஆட்டத்தில், தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே அசமோவா கியான் கோல் போட்டார். உலகக் கோப்பையில் கானாவின் முதல் கோல் அது. 2-0 என்று வெற்றி.

2010 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில். ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பை. மற்ற ஆப்பிரிக்க அணிகள் எல்லாம் வெளியேற, கானா மட்டும் காலிறுதிக்கு வந்தது. அதனால் கண்டம் முழுவதும் கானாவின் பக்கம் நின்றது.

ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். எதிரணி உருகுவே. ஆட்டம் 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். கானாவின் டொமினிக் அடியா தலையால் முட்டிய பந்து நேராகக் கோலுக்குள் போகிறது. கோல்கீப்பர் இல்லை. கோட்டில் நின்ற உருகுவே வீரர் சுவாரஸ் இரண்டு கையாலும் பந்தைத் தட்டிவிட்டார்!

அவருக்குச் சிவப்பு அட்டை. கானாவுக்குப் பெனால்டி. போட்டால் அரையிறுதி. அதுவரை எந்த ஆப்பிரிக்க நாடும் போகாத இடம். கியான் உதைத்தார். பந்து மேல் கம்பத்தில் பட்டு வெளியே பறந்தது!

அடுத்து பெனால்டி ஷூட் அவுட். கானாவுக்காக முதலில் உதைக்க வந்தது யார்? அதே கியான்! சற்று முன்புதான் கண்டமே தலையில் கை வைத்துக்கொள்ளும்படி தவறவிட்டவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, கோல் போட்டார். ஆனாலும் கானா 4-2 என்று தோற்றது. அந்தக் கியான் 2014 வரை மூன்று உலகக் கோப்பைகளில் மொத்தம் 6 கோல் போட்டு, ஆப்பிரிக்க வீரர்களில் முதலிடம் பிடித்தார். 2019இல் நம் இந்தியாவுக்கு வந்து, ஐ.எஸ்.எல். போட்டியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணிக்காகவும் ஆடினார்.

அரையிறுதிக் கனவு என்ன ஆனது? 2022இல் மொராக்கோ அதை நிறைவேற்றியது. 1970இல் உறுதியான இடத்தில் முதலில் போய் ஆடிய அதே மொராக்கோ!

விழுந்தும் எழுந்தும்

ஆடுபவர்கள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, நடத்துபவர்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். 2014 உலகக் கோப்பையின்போது வீரர்கள் தங்களுக்குத் தர வேண்டிய பணம் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் அரசாங்கம் 30 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கத்தை விமானத்தில் ஏற்றி பிரேசிலுக்கு அனுப்பியது! 2018இல் நடுவர்களும் அதிகாரிகளும் லஞ்சம் வாங்குவதை ஒரு பத்திரிகையாளர் ரகசியமாகப் படம் பிடித்து வெளியிட்டார். கால்பந்துச் சங்கத் தலைவர் பதவி விலகினார். லீக் போட்டிகளே நின்றுபோயின. 2019இல் புதுத் தேர்தல் நடத்தித்தான் சங்கத்தைத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது.

2025 ஆப்பிரிக்கக் கோப்பைக்குக் கானா தகுதியே பெறவில்லை. நான்கு முறை சாம்பியனான அணி, தன் பிரிவில் கடைசி இடம்! எல்லாரும் 'அவ்வளவுதான்' என்றார்கள். ஆனால், 2025 அக்டோபரில் கொமோரோஸ் தீவை 1-0 என்று வென்று 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கோல் போட்டவர் குடுஸ். ஒடிந்த முள் திரும்ப முளைத்துவிட்டது!

அந்த 2026 உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவுக்கு நேரடியாகக் கிடைத்த இடங்கள் எத்தனை தெரியுமா? ஒன்பது! 1966இல் உறுதியான இடம் ஒன்றுகூட இல்லை.

சரி குட்டீஸ், உங்களுக்கு ஒரு கேள்வி. 1966இல் நீங்கள் கானா அணியின் கேப்டன். உங்கள் அணிதான் ஆப்பிரிக்காவின் சாம்பியன். விலகினால், உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு உங்களுக்கு வராமலே போகலாம். விலகாவிட்டால், உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கு இடம் கிடைக்காமலே போகலாம். நீங்கள் என்ன முடிவு எடுப்பீர்கள்? நாளை இடைவேளையில் நண்பர்களோடு பேசிப் பாருங்கள்!

தெரியுமா உங்களுக்கு?

* கானாவின் பெண்கள் அணிக்குப் பெயர் 'பிளாக் குவீன்ஸ்', அதாவது கறுப்பு ராணிகள். ஆண்கள் அணி உலகக் கோப்பையில் ஆடுவதற்கு ஏழு வருடம் முன்பே, 1999இல் அவர்கள் பெண்கள் உலகக் கோப்பையில் ஆடிவிட்டார்கள்!

* 1992 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பெனால்டியில் கோல்கீப்பர்கள் உட்பட எல்லாருமே உதைக்க வேண்டியதாயிற்று. ஐவரி கோஸ்டிடம் 11-10 என்று கானா தோற்றது.

* மூன்று முறை ஆப்பிரிக்காவின் சிறந்த வீரரான அபேடி பெலே, உலகக் கோப்பையில் ஒரு முறைகூட ஆடியதில்லை. ஆனால், அவருடைய மகன்கள் ஆண்ட்ரே, ஜோர்டான் இருவரும் ஆடியிருக்கிறார்கள்.